சாதியைப் பார்க்க எத்தனை வயது ஆக வேண்டும்?

அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் பேச எங்கள் தெருப் பிள்ளைகள் பங்குனி மாதமே தயாராகிவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகள் 'ஜெய் பீம்' படத்தை வைத்து நான்கு பக்கம் எழுதியிருந்தாள். அப்போது அவள் பிளஸ் ஒன் மாணவி, வயது 16. எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லிப் பள்ளியில் ஓர் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா அது 'ஏ' படம். 18 வயசு ஆகாத பிள்ளை அதைப் பத்தி மேடையில பேசலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் படத்துக்குத் தணிக்கை வாரியம் கொடுத்தது 'ஏ' சான்றிதழ்தான். ஆனால் வீட்டுக்கு வந்தவள் என்னிடம் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. "சித்தப்பா, போலீஸ் நம்ம தெருவுக்கு வந்து ஆளைக் கூட்டிட்டுப் போறதைப் பார்க்க எனக்கு வயசு இருக்கு. அதையே படமா எடுத்தா மட்டும் வயசு பத்தலையா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

எதை அளக்கிறார்கள்?

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி ஒவ்வொரு படமும் சான்றிதழ் பெற்ற பிறகே திரையரங்குக்கு வர முடியும். 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்கள் மட்டும். இடையில் உள்ள 'யு/ஏ' 1983இல் வந்தது. பெற்றோர் யோசித்துப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்பது அதன் பொருள். 2023இல் சட்டம் திருத்தப்பட்டு இந்த 'யு/ஏ' 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டது.

பிரிவுகள் சரி. எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? ரத்தம் எவ்வளவு, அடி எத்தனை, கெட்ட வார்த்தை எத்தனை, சிகரெட், மது, ஆபாசம். கண்ணுக்கும் காதுக்கும் உடனே எட்டுபவை இவை. எண்ணிப் பார்க்கலாம்; வெட்டலாம்; ஒலியை நிறுத்தலாம். அவமானத்தை எப்படி எண்ணுவது?

நம் வீட்டுத் தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் ஓடும் பழைய நகைச்சுவைக் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பவரைக் கேலி செய்வார்கள். குப்பை அள்ளுபவரைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். சேரி என்ற சொல்லே வசவாக வரும். பண்ணையாரின் மீசையைத் தெய்வம்போல் காட்டி, காலடியில் கைகட்டி நிற்கும் வேலையாளை விசுவாசி என்று புகழ்வார்கள். ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் படம் என்பார்கள். துப்புரவுப் பணியாளரின் மகனும் அந்தக் குடும்பங்களில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறான். சிரிப்பவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தாக வேண்டும்.

அந்தப் பையனை யார் தரையில் உட்கார வைத்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று சொல்ல வரும் படத்தில் அடி இருக்கும், ரத்தம் இருக்கும், ஆதிக்கக்காரன் வாயில் வரும் சாதி வசவும் இருக்கும். எண்ணுகிறவர் எண்ணிப் பார்த்து 'ஏ' என்பார். கொடுமையைச் சிரிப்பாகக் காட்டினால் குழந்தைக்கு ஏற்றது. கொடுமையைக் கொடுமையாகக் காட்டினால் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது.

'யு' வாங்கக் கொடுத்த விலை

2025இல் ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே வாழ்க்கையைச் சொல்லும் 'புலே' என்ற இந்திப் படம் வந்தது. புலேயின் பிறந்தநாளான ஏப்ரல் 11இல் வர வேண்டியது, எதிர்ப்புகளால் 25ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது. அதற்குக் கிடைத்தது 'யு' சான்றிதழ்தான். ஆனால் மகர், மாங் போன்ற சாதிப் பெயர்களை எடுக்கச் சொன்னது வாரியம். அடிமைத்தனம் மூவாயிரம் ஆண்டுப் பழமையானது என்று வரும் வசனத்தைப் 'பல ஆண்டு' என்று மாற்றச் சொன்னது. யாருக்காகப் புலே பள்ளி திறந்தாரோ அவர்களின் பெயர் இல்லாமல், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற முத்திரை.

அதே ஆண்டு வந்த 'தடக் 2' நம் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' கதையை இந்தியில் எடுத்த படம். அதற்கு 'யு/ஏ 16' கிடைத்தது. சாதி தொடர்பான சொற்கள் உள்ளிட்ட 16 மாற்றங்களுக்குப் பிறகு.

கீழவெண்மணியைப் பற்றிப் பாடம் எடுக்கும் ஆசிரியர், செத்தவர்கள் யார், எரித்தவர்கள் யார் என்று சொல்லாமல் 44 பேர் தீயில் இறந்தார்கள் என்று மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்? அது தீ விபத்துச் செய்தியாகிவிடும். சாதிப் பெயரை எடுத்த சாதிப் படமும் அப்படித்தான்.

சான்றிதழில் பணமும் இருக்கிறது

சான்றிதழ் என்பது குழந்தைகள் நலன் மட்டும் பார்த்துக் கொடுக்கப்படுவதாக நினைக்க வேண்டாம். அதில் பெரும் பணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் தமிழ்ப் பெயரோடு 'யு' சான்றிதழும் வேண்டும் என்ற விதி இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை, அடிதடிப் படம் எடுத்தவர்களும் எப்படியாவது 'யு' வாங்க அலைந்தார்கள். 2016இல் வந்த 'கபாலி' துப்பாக்கியும் கொலையும் நிறைந்த தாதா படம். அதற்கும் 'யு' கிடைத்தது.

இன்றும் 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டிக் குறைத்து வேறு சான்றிதழ் வாங்க வேண்டும். 2025இல் 'கூலி' படத்துக்கு 'ஏ' கொடுத்தபோது தயாரிப்பாளர்கள் 'யு/ஏ' கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள்; மனு தள்ளுபடியானது. ரஜினிகாந்த் படத்துக்கே இந்த நிலை. கடன் வாங்கிச் சாதிக் கொடுமையைப் படமெடுக்கும் புது இயக்குநர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? வெட்டச் சொன்னதை வெட்டிக் கொடுப்பார். வெட்டுப்படுவது பெரும்பாலும் நம் கதைதான். கட்டணம் கட்டி ஓடிடியில் பார்க்க முடியாத, தொலைக்காட்சியை மட்டும் நம்பியிருக்கும் நம் வீடுகளுக்கு அந்தக் கதை வந்து சேர்வதும் இல்லை.

வாசலில் நின்ற சான்றிதழ்

2023 மார்ச் 30 அன்று சென்னையில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். 'பத்து தல' படத்துக்கு டிக்கெட் வாங்கிக் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தைத் திரையரங்க ஊழியர்கள் உள்ளே விடவில்லை. அருகில் இருந்தவர்கள் கேள்வி கேட்டுக் காணொளி எடுத்துப் பரப்பிய பிறகுதான் கதவு திறந்தது. திரையரங்கம் பிறகு சொன்ன காரணம் என்ன தெரியுமா? படம் 'யு/ஏ', 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை அனுமதிக்கக் கூடாது என்பதால் தடுத்தார்களாம்.

'யு/ஏ' அப்படிச் சொல்லவே இல்லை. பெற்றோரோடு வரும் குழந்தையை 'யு/ஏ' படத்துக்கு விடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இப்போது வந்திருக்கும் 7, 13, 16 என்ற எண்களும் பெற்றோருக்கான ஆலோசனைதான். வாசலில் தடுக்க யாருக்கும் கொடுத்த அதிகாரம் அல்ல. 'யு/ஏ' படத்துக்குக் கைக்குழந்தையோடு போகும் குடும்பங்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அவர்களிடம் யார் வயது கேட்கிறார்கள்? நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட அதே ஆண்டில், அவர்கள் குழந்தைகளுக்கு மட்டும் சான்றிதழ் ஞாபகம் வந்தது. இதைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 'யு/ஏ' படத்துக்குப் பெற்றோரோடு போகும் யாரையும் வயதைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது.

அப்படியானால் சான்றிதழே வேண்டாமா?

வேண்டும். 'ஜெய் பீம்' படத்தின் காவல் நிலையக் காட்சிகளைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அவன் அம்மா என்னைத்தான் திட்டினார், திட்டு நியாயமானது. நம் கதை என்பதற்காக நம் குழந்தைகளின் மனதை நாமே புண்ணாக்கக் கூடாது. சித்திரவதை யாருக்கு நடந்தாலும் சின்னக் குழந்தை பார்க்கக் கூடாத காட்சிதான்.

ஆனால் ஏழு வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் ஒன்றா? 'ஏ' இருவரையும் ஒன்றாக வெளியே நிறுத்துகிறது. அவளுக்குப் பொருத்தமானது 'யு/ஏ 16' போன்ற ஒரு சான்றிதழ். 2021இல் 'ஜெய் பீம்' வந்தபோது தணிக்கையில் அந்தப் பிரிவு இல்லை. இப்போது இருக்கிறது. இனி வரும் படங்களுக்காவது அதை நேர்மையாகப் பயன்படுத்த வேண்டும்.

நமக்குப் பிடிக்காத படத்தைத் தடுக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு முதலில் பார்த்த குழு சான்றிதழ் மறுத்தது. பிறகு 'யு' கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, 1989இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொடுத்தது. கருத்துச் சொல்லும் உரிமையை எதிர்ப்புக்குப் பயந்து பறிக்கக் கூடாது என்றது தீர்ப்பு. நம்மைக் காயப்படுத்திய படத்துக்குக் கிடைத்த அந்த உரிமை, நம் காயத்தைச் சொல்லும் படத்துக்கும் வேண்டும் என்பதே நம் வழக்கு.

பாகுபாடும் ஓர் அளவுகோல்

பிரிட்டனில் படங்களுக்கு வயது குறிக்கும் வாரியம் வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை ஆகியவற்றோடு 'பாகுபாடு' என்பதையும் தனியாகப் பார்க்கிறது. இனம், மதம், உடல் குறைபாடு ஆகியவற்றை வைத்து இழிவுபடுத்தும் காட்சி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, படம் அதை ஆதரிக்கிறதா கண்டிக்கிறதா என்பதையும் பார்க்கிறது. நெதர்லாந்தில் பாகுபாட்டுக்கென்றே ஓர் அடையாளப் படம் போடுகிறார்கள். நம் நாட்டு வழிகாட்டு விதிகளிலும் இன, மத, பிற குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியும் சொல்லும் கூடாது என்று இருக்கிறது. படத்தை முழுமையாக வைத்தே மதிப்பிட வேண்டும் என்றும் இருக்கிறது. ஏட்டில் உள்ளதைச் சாதிக்கும் பொருத்திப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

கேட்பது மூன்று. முதலாவது, இந்தச் சான்றிதழ் ஏன் என்று ஒரே வரியில் தமிழில் எழுதிப் போஸ்டரிலும் டிக்கெட் கவுண்டரிலும் வைக்க வேண்டும். 'கடுமையான போலீஸ் சித்திரவதை', 'சாதி இழிவு வசனம்' என்று இருந்தால் பெற்றோர் தாங்களே முடிவெடுப்பார்கள். இரண்டாவது, நகைச்சுவை என்ற பெயரில் நிறத்தையும் தொழிலையும் இழிவுபடுத்தும் படம் 'யு' பெறக் கூடாது. மூன்றாவது, வாரியத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வேண்டும் என்று 2024 விதிகள் சொல்வதுபோல, படம் பார்க்கும் குழுக்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் எழுதி வைக்கப்பட வேண்டும். ஒரு சொல் எங்கே வலிக்கும் என்று பட்டவருக்குத்தான் தெரியும்.

வயது என்று பேசும்போது நம் திருநெல்வேலி மாவட்டத்தில் நடந்ததையும் பேச வேண்டும். 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பிளஸ் டூ படித்துவந்த பட்டியல் சாதி மாணவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிடிபட்டவர்கள் 18 வயது நிரம்பாத பள்ளி மாணவர்கள். சட்டப்படி 'ஏ' படம் பார்க்க அவர்களுக்கு வயது போதாது. சாதி அவர்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகள் பள்ளியில் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்று 2024இல் அறிக்கை தந்தது. வழக்கறிஞராக அவர் நடத்திய வழக்குதான் 'ஜெய் பீம்' படமானது. அந்தப் பள்ளிகளில் படிக்கும் 16 வயதுப் பிள்ளைகள் அவருடைய பரிந்துரைப்படி நடக்கலாம். அவர் வழக்கைச் சொல்லும் படத்தைப் பார்க்கக் கூடாது.

என் அண்ணன் மகள் கடைசியில் பேச்சை மாற்றி எழுதினாள். படத்தின் பெயரைச் சொல்லவில்லை. 1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் போலீஸ் பிடியில் செத்துப்போன குறவர் ராஜாக்கண்ணுவைப் பற்றியும், விடாமல் நீதி கேட்ட அவர் மனைவியைப் பற்றியும் பேசினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அசையாமல் கேட்டார்கள். திருத்தித் தந்த அந்த ஆசிரியரும் வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "அந்தப் படத்தையும் சொல்லியிருக்கலாம்மா" என்றார்.