பின்னற்கலையின் சங்கேதங்கள்

1827-ஆம் ஆண்டில் குளூனி கன்னியர் சபையினர் புதுச்சேரிக்கு வந்தது முதல் ஊசிவேலை இந்நகரத்துப் பெண்களின் கல்வியோடு கலந்து வளர்ந்து, இன்றும் ரோமன் ரோலண்ட் வீதியில் அச்சபையின் பூத்தையற் கூடமாக நிலைபெற்றிருக்க, அதற்குச் சகோதரியான கம்பளிப் பின்னலைக் கற்க விழையும் பெண்ணொருத்தி, ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்த மாத்திரத்தில் 'கே', 'பி' என்ற தனியெழுத்துகளையும் நட்சத்திரக் குறிகளையும் கண்டு, இது தன் புத்திக்கு எட்டாத வித்தை என்று மூடிவைப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

விஷயம் எளியது. நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துக் கண்ணி இழுப்பது 'நிட்', அதுவே 'கே'. முன்னால் வைத்து இழுப்பது 'பர்ல்', அதுவே 'பி'. ஒன்றின் மறுபுறமே மற்றொன்று. நட்சத்திரமோ, அவ்விடத்திலிருந்து திரும்பச் செய்க என்னும் ஆக்ஞை. பிரெஞ்சுக்காரர் இக்கண்ணிகள் இரண்டையும் 'ஆந்த்ருவா', 'ஆன்வேர்', அதாவது முகப்புறம், மறுபுறம் என்றழைப்பதால் பெயரிலேயே அர்த்தம் விளங்குகிறது. ஆயினும் பிரெஞ்சு எழுத்தில் சுருக்கி எழுதுகையில் மூன்றாம் எழுத்தொன்றே வேறுபடுவதால் கண் ஏமாறும். குரோஷே என்னும் கொக்கிப் பின்னலில் அபாயம் இன்னும் அதிகம்: பிரிட்டிஷார் 'டபிள்' என்பதையே அமெரிக்கர் 'சிங்கிள்' என்பதால், புத்தகம் எந்தத் தேசத்தது என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

ஆங்கிலம், பிரெஞ்சு என்னும் இரு பாஷைகளும் பழகிய புதுச்சேரியே, நேர்க்கண்ணி, மறுகண்ணி என்று தமிழில் பெயரிட்டு, 'நே', 'ம' எனச் சுருக்கி, தையல் வகுப்புகளில் வழங்கச் செய்யத் தகுந்த இடம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதுவரையில் ஆசிரியைகள், குறியெழுத்தைக் கற்பிக்குமுன், ஒவ்வொரு கண்ணியையும் மாணவியின் கையாலேயே ஒரு சாண் அகலத்துக்குப் பின்ன வைத்து, அதன் முழுப்பெயரைத் தாளில் எழுதி அத்துண்டோடு சேர்த்துத் தைத்துக் கொடுக்கட்டும்.