யாருடைய கவனக்குறைவு?

பத்தாயிரம் அடி உயரத்தில் விமானத்திலிருந்து குதிக்க, பணம் கட்டிக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹரியானாவில் நார்னௌலில் இதற்கென்றே ஒரு தளம் உண்டு. குதிக்கிறவர் உடம்பில் என்ன நடக்கிறது? அட்ரினலின் பீறிடுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கிற இதயம் நூற்றைம்பதைத் தாண்டலாம். அப்போது மூளை கூர்மையாகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. பயம் எல்லை மீறினால் கவனம் ஒரே புள்ளியில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நடப்பது தெரியாது.

1960-களில் அமெரிக்க உளவியலாளர்கள் எப்ஸ்டீனும் ஃபென்ஸும் இதை ஆராய்ந்தார்கள். புதியவருக்குப் படபடப்பு குதிக்கிற நேரம் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகிறது. பழகியவருக்கு முன்கூட்டியே உச்சம் தொட்டு இறங்கிவிடுகிறது.

அந்தப் பழகியவரைக்கூட இந்த விளையாட்டு முழுசாக நம்புவதில்லை. முதுகில் இரண்டாவது பாராசூட் இருக்கும். அவர் மயங்கிவிட்டாலும் அதைத் தானே திறந்துவிடுகிற கருவியும் வந்துவிட்டது. மனுஷன் தவறுவான் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

‘சரி சார், இதெல்லாம் எனக்கெதுக்கு?’ என்கிறீர்களா? நீங்கள் தீபாவளிக்குக் கொளுத்துகிற வெடிக்காகத்தான் சொல்கிறேன்.

சாத்தூர் பக்கத்து கிராமங்களிலிருந்து தினமும் காலையில் தூக்குவாளியோடு பட்டாசு ஆலைக்குப் போகிறார்களே, அவர்கள் சாகசத்துக்காகப் போகவில்லை. கூலிக்குப் போகிறார்கள். ஒரு சின்ன உராய்வு போதும், மருந்து பற்றிக்கொள்ள. ஆனால் பலருக்குக் கூலி பீஸ் ரேட். கை வேகமாக ஓடினால்தான் காசு. கவனமாயிரு என்று போர்டில் எழுதிவிட்டு, வேகமாயிரு என்று கூலியில் சொல்கிறோம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பதுக்கும் மேற்பட்டோர் பலி. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர் பலி. விபத்து நடந்தால் யாராவது ஒருத்தர் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்?

ஒரு ஷெட்டில் நாலு பேருக்கு மேல் கூடாது, ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒருவர் கை தவறினாலும் மற்றவர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக. அதுதான் இவர்களுடைய இரண்டாவது பாராசூட். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டு, ஆட்களை அடைத்து, மரத்தடியில் மருந்து திணிக்கவிட்டால் அந்தப் பாராசூட்டை அறுத்தவர் யார்?

நான் காமர்ஸ் படித்தவன். செலவைக் குறைத்தால் லாபம் கூடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பாதுகாப்பில் மிச்சம் பிடித்த காசை லாபம் என்று எந்தப் பேரேட்டில் எழுதுவது?

பீஸ் ரேட்டை ஒழித்து நாள் கூலி கொடுக்கட்டும். உள்குத்தகைக்கு விட்ட ஆலையின் லைசென்ஸை, விபத்து நடக்கும்வரை காத்திராமல் ரத்து செய்யட்டும். அதுவரை, பேப்பரில் ‘கவனக்குறைவு’ என்று படித்தால் அடுத்த செய்திக்குத் தாண்டிப் போய்விடாதீர்கள். யாருடையது என்று கேளுங்கள்.