சட்டை பட்டனுக்கு ஒரு மாஸ்டர் டிகிரி

'ஆக்குபேஷனல் தெரபி' என்றால் நம்மூரில் பாதிப் பேர், "வேலை வாங்கித் தர்ற கோர்ஸா சார்?" என்கிறார்கள். மீதிப் பேர், "ஓ, பிஸியோதெரபியா!" என்று தலையாட்டிவிட்டுத் தங்கள் முதுகுவலியைச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். இரண்டும் இல்லை.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைக்கு அசைவும் பலமும் கொண்டுவரப் பாடுபடுவது பிஸியோதெரபி. அந்தக் கையால் சாதம் பிசைய, சட்டை பட்டன் போட, முடிந்தால் மறுபடி ஆபீஸில் கையெழுத்துப் போட வைப்பது இது. கை முழுசாகத் திரும்பாவிட்டாலும் வழி உண்டு. சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஐம்பத்தைந்து வயதில் மகன் வந்து சட்டை மாட்டிவிடக் காத்திருக்கும் மனிதரிடம் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு என்று சொல்வார்.

இந்தியாவில் இதற்கு முதல் பள்ளி 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, கல்யாணமாகி நம் நாட்டுக்கு வந்தவர். இன்று நம் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில் சொல்லித் தருகிறார்கள்.

என் அண்ணன் மகன் பி.ஓ.டி. முடித்த கையோடு வந்து நின்றான்.

"சித்தப்பா, எம்.ஓ.டி. சேரட்டுமா? இன்னும் ரெண்டு வருஷம்."

"எதுக்குடா?"

"கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னாடி நல்லா இருக்கும்."

"அதுக்கு ரெண்டு வருஷமா? பிரஸ்காரர் ரெண்டு நிமிஷத்துல அடிச்சுக் குடுத்துருவாரே!"

சிரித்தான். பிறகு நிஜம் வந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் சேர்கிறார்கள். அப்பா ரிடையராக ஒரு வருஷம்தான் பாக்கி.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காலேஜில் பாடம் நடத்தணுமா? எம்.ஓ.டி. வேண்டும். குழந்தைகள், நரம்பு, மனநலம் என்று ஒரு துறையில் ஆழமாக இறங்கணுமா? உதவும். அமெரிக்கக் கனவா? அங்கே 2007 முதல் இந்தத் தொழிலுக்கு நுழைவுப் படிப்பே மாஸ்டர்ஸ் அல்லது அதற்கு மேல்தான். பிரிட்டனில் பேச்சுலர் டிகிரியே போதும். சம்பளம் டபுளாகுமா? டிகிரியை மட்டும் பார்த்து டபுள் பண்ணும் முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

"எந்த மாதிரி பேஷண்ட்டைப் பார்க்கிறப்ப உனக்கு வீட்டுக்குக் கிளம்ப மனசு வரலை?" என்றேன்.

ரொம்ப நேரம் யோசித்தான். பதில் இல்லை.

"அப்ப ஒரு வருஷம் வேலை பாரு. பதில் கிடைச்சதும் சேரு. தீஸிஸுக்கு விஷயம் தானா வரும். உங்கப்பாவுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்."

ஃபைல் நகர்த்தி அலுத்துப்போய், 'நாமும் சேரலாமா?' என்று யோசிக்கும் பி.காம். நண்பர்களே... இங்கே எம்.ஓ.டி.க்கு முதலில் பி.ஓ.டி. படித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வேறு டிகிரிக்காரர்களும், உடற்கூறியல் மாதிரி சில பாடங்களை முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். முழுநேரக் களப்பயிற்சி மட்டும் 24 வாரம்.

அவ்வளவு தூரம் போகும் முன் நாளைக் காலை ஒரு சின்ன டெஸ்ட். இடது கையால் மட்டும் சட்டை போட்டு, எல்லா பட்டனையும் மாட்டிப் பாருங்கள். 8.20 பஸ் நிச்சயம் போய்விடும். ஆனால், இந்தப் படிப்பு எதற்கு என்று மேனேஜர் கேட்டால், பதில் தயாராக இருக்கும்.