சித்தூர், திருப்பதி அரசுப் பள்ளிகளில் தன்னார்வலர்கள்: யாருடைய வேலையைச் செய்யப்போகிறார்கள்?

சித்தூரிலோ குப்பத்திலோ படித்துவிட்டு பெங்களூரிலும் சென்னையிலும் ஐடியில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் பேச்சு இது: "நாம படிச்ச ஸ்கூலுக்கு ஏதாவது பண்ணணும்டா." வழக்கமாக அது பெயிண்ட், பெஞ்ச், நோட்டுப் புத்தகத்தோடு முடிந்துவிடும். பணத்துக்குப் பதிலாக, நமக்குத் தெரிந்த வேலையையே கொடுக்க முடியுமா? முடியும். மத்திய அரசே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: வித்யாஞ்சலி.

2016இல் அறிமுகமாகி, 2021 செப்டம்பரில் புதிய இணையதளத்தோடு மறுபடியும் தொடங்கப்பட்ட திட்டம் இது. அரசுப் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் தங்களுக்கு என்ன தேவை என்று அதில் பதிவிடும். பாடத்தில் உதவி, கைத்தொழில், விளையாட்டு, வேலை வழிகாட்டல் என எதுவாகவும் இருக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் முதல் வெளிநாடுவாழ் இந்தியர் வரை யாரும் கைதூக்கலாம். சம்பளம் கிடையாது. யாரை உள்ளே விடுவது என்பது பள்ளியின் முடிவு.

திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் அது ஒரே பக்கம் குவிந்து கிடக்கிறது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமானபோது ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், மகளிர் பல்கலைக்கழகம், ஏர்ப்பேட்டில் உள்ள ஐஐடி எல்லாமே திருப்பதி பக்கம் போய்விட்டன. குப்பத்தின் திராவிடப் பல்கலைக்கழகம் சித்தூரில் இருக்கிறது. இணையத்தில் அழகாகக் கோரிக்கை எழுதத் தெரிந்த தலைமை ஆசிரியரும், பக்கத்திலேயே ஒரு கல்லூரியும் இருக்கிற பள்ளிக்குத்தான் இப்படியொரு திட்டம் முதலில் பலிக்கும். தமிழக எல்லையோரக் கிராமத்தில் வீட்டில் தமிழ் பேசிவிட்டு, வகுப்பில் தெலுங்கும் ஆங்கிலமும் கேட்டுத் திணறும் குழந்தைக்குத் தேவைப்படுபவர் ஐஐடி மாணவர் அல்ல. இரண்டு மொழியும் தெரிந்த பக்கத்து வீட்டு அக்கா. அவர் அந்த இணையதளத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கணக்கு வாத்தியார் பணியிடம் காலியாக இருக்கிறது, தலைமை ஆசிரியர் "கணிதத்துக்கு உதவி தேவை" என்று பதிவிடுகிறார், நீங்கள் போகிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் செய்வது உதவியா, நிரப்பலா? கல்வி உரிமைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக்கூடாது. தன்னார்வலரை ஆசிரியருக்கு மாற்றாகக் கருதக்கூடாது என்று 2016 வழிகாட்டுதலே சொன்னது. ஆனால் காலியிடம் கண்ணில் படாதவரை அதை நிரப்பச் சொல்லி யாரும் அழுத்தம் கொடுக்கமாட்டார்கள்.

ஆந்திராவுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 'வித்யா வாலண்டியர்' என்ற பெயரில் உள்ளூர் இளைஞர்களைக் குறைந்த சம்பளத்துக்கு வகுப்பில் நிறுத்திய மாநிலம் அது. இப்படிப்பட்ட ஒப்பந்த ஆசிரியர்களைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒன்றுபட்ட ஆந்திராவின் 100 பள்ளிகளில் செய்த சோதனை சுவாரசியமானது. அங்கே கூடுதலாக ஒருவர் சேர்க்கப்பட்டதும், இரண்டு ஆண்டுகளில் மாணவர்களின் கணக்கும் மொழியும் முன்னேறின. நிரந்தர ஆசிரியர்கள் வராத நாட்கள் 27 சதவீதம் என்றால், இவர்களுக்கு 18தான். சம்பளமோ சுமார் ஐந்தில் ஒரு பங்கு. "அப்போ இதுவே போதுமே" என்று நிதித்துறைக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் இருந்த ஆசிரியரை எடுத்துவிட்டு அவர்களை வைக்கவில்லை, கூடவே வைத்தார்கள். அதோடு, குறைவோ நிறைவோ, சம்பளம் கொடுத்தார்கள்.

எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் எல்லாம். பிரதம் அமைப்பு பயிற்சி தந்த தன்னார்வலர்களை வைத்து 2008 வாக்கில் பீகாரிலும் உத்தராகண்டிலும் ஒரே மாதிரி முயன்றார்கள். பீகாரில் அவர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே, வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கென்றே வகுப்பு எடுத்தார்கள், நல்ல பலன். உத்தராகண்டில் அவர்களை வழக்கமான ஆசிரியர்களைப் போலவே வகுப்பில் நிறுத்தி, வழக்கமான பாடத்தையே நடத்தச் சொல்லிவிட்டார்கள், பலன் ஏதுமில்லை. தமிழ்நாட்டின் 'இல்லம் தேடிக் கல்வி'யும் பீகார் வகைதான். 2021இல் தொடங்கிய அதில் சுமார் 2 லட்சம் பேர் மாதம் 1,000 ரூபாய்க்கு மாலை வகுப்பு எடுத்தார்கள். கொரோனாவில் இழந்த கற்றலில் மீண்டதில் ஏறக்குறைய கால் பங்குக்கு அந்த வகுப்புகள் காரணம் என்கிறது ஓர் ஆய்வு.

ஆகவே சனிக்கிழமை சித்தூர் பஸ் ஏறும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "சார், இந்தப் பாடத்துக்கு வாத்தியார் இருக்காரா?" இருந்தால், அவரோடு பேசி ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பத்துப் பேர், வாரம் இரண்டு மணி நேரம், ஒரு முழுக் கல்வியாண்டு. காளஹஸ்தி கலம்காரிக் கலைஞருக்கும் நகரி விசைத்தறிக்காரருக்கும் இதே அளவுகோல்தான்.

வாத்தியார் இல்லையென்றால், முதல் வேலை வகுப்பு எடுப்பதல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். காலியிடத்தைக் குறிப்பிட்டு அந்தக் குழு மாவட்டக் கல்வி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதட்டும். எழுத, டைப் அடிக்க, பின்தொடர ஆள் தேவைப்படும். அதற்கும் நீங்கள் போகலாம்.