ஆன்ழெலிக்கைப் போக விடுங்கள்

போன வாரம் பீச் ரோட்டில் எங்கள் காலை நடைக் கோஷ்டிக்குள் ஒரு சண்டை. நாலு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். சண்டை பென்ஷனைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ அல்ல. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரி ஒருத்தியைப் பற்றி! பக்கத்தில் யோகா செய்துகொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டோம்.

என்னைப் போலவே பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பர் ஒருவர், "ஆன்ழெலிக் கதை பாதியில் நிற்கிறதே, பதினாலாவது பாகத்தை யாராவது எழுதி முடித்தால்தான் என்ன?" என்றார். கூடவே கூடாது என்றேன். "உமக்கு என்னய்யா நஷ்டம்?" என்றார். டூப்ளே சிலை வரை போய்த் திரும்பியும் வாக்குவாதம் ஓயவில்லை. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறாததால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆன் கொலோன், செர்ழ் கொலோன் என்ற கணவன் மனைவி பெயரில் வந்த காதல் சரித்திரத் தொடர் இது. 1950களின் நடுவில் தொடங்கி 1985 வரை 13 பாகங்கள். பதினான்காம் லூயி காலம். ஏழைப் பிரபு வீட்டுப் பெண் ஆன்ழெலிக், முகத்தில் தழும்பும் காலில் ஊனமும் உள்ள துலூஸ் கோமகன் ழோஃப்ரே தெ பெய்ராக்குக்குப் பயந்துகொண்டே கழுத்தை நீட்டுகிறாள். பிறகு அவனிடமே மனதைப் பறிகொடுக்கிறாள். சூனியக்காரன் என்று குற்றம் சாட்டி அவனைப் பாரீஸில் எரிக்கிறார்கள். அவள் திருடர்கள் நடுவில் விழுந்து, எழுந்து, சாக்லேட் கடை வைத்து, வெர்சாய் அரண்மனை வரை போய், கடல் கடந்து அமெரிக்கக் காடு வரை போகிறாள். 1964இல் படமாகவும் வந்தது. மிஷேல் மெர்சியே நடித்தார். படம் பார்த்தவர்கள் அழகை ஞாபகம் வைத்திருப்பார்கள். புத்தகம் படித்தவர்களுக்கு அவளுடைய பிடிவாதம்தான் ஞாபகம் இருக்கும்.

பள்ளியில் எங்கள் மிசியே ஒருவர் இந்தப் புத்தகத்தை என் மேசைக்குள்ளிருந்து பிடுங்கி, "வேலைக்காரிகள் படிக்கிற குப்பை" என்றார். மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, நான் மடக்கி வைத்திருந்த பக்கம் தாண்டி வேறொரு பக்கத்தில் மடிப்பு இருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நண்பரின் முதல் வாதத்துக்கு வருகிறேன். "செர்ழ் 1972இல் கியூபெக்கில் காலமானார். அதோடு தொடரின் உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தம்மா தனியாக எழுதியதை நான் தொடவே இல்லை. பாதித் தொடர் ஏற்கெனவே வேறு ஆள் எழுதியதுதானே, இன்னும் ஒரு ஆள் எழுதினால் என்ன?"

முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவனிடம் இதைச் சொல்லக் கூடாது. கோப்பில் குறிப்பு எழுதுவது யார், கையெழுத்துப் போடுவது யார் என்று எனக்குத் தெரியும். செர்ழ் ரஷ்யக் குடும்பத்தவர், புகாராவில் பிறந்தவர், மண்ணியல் படித்தவர். ஆன் ஒரு புத்தகப் பரிசுப் பணத்தில் ஆப்பிரிக்கா போன இடத்தில் அவரைச் சந்தித்தார். வெர்சாயில் குடியிருந்து, பழைய ஏடுகளைப் புரட்டி, அவர் சரித்திரத் தகவல்களைத் திரட்டினார், இவர் எழுதினார். முதல் பாகத்தில் ழோஃப்ரே ஈயத்தைக் கொண்டு பாறைப் பொடியிலிருந்து தங்கம் பிரித்துக் காட்டுகிற இடம் இருக்கிறதே, அதில் செர்ழின் கை தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்கியம் வாக்கியமாக அந்தப் பெண்ணை நடக்க வைத்தவர் ஆன்.

பெயர் போட்ட லட்சணத்தையும் பாருங்கள். ஜெர்மனியில் ஆன் பெயர் மட்டும். பிரான்ஸில் இருவர் பெயரும். இங்கிலீஷ்காரன் இருவரையும் ஒட்டி 'செர்ழான்' என்று ஒரே ஆளாக ஆக்கிவிட்டான்! என்னிடம் உள்ள கடைசிப் பாகத்தின் அட்டையில், அவர் இறந்து 13 வருஷம் கழித்தும், செர்ழ் பெயர் இருக்கிறது. இப்படிப்பட்ட அம்மாளைத்தான் நண்பர் 'வேறு ஆள்' என்கிறார்.

பிறகு அந்த அம்மாள் உரிமைக்காகப் பதிப்பாளரோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். எண்பது வயதுக்கு மேல், வெட்டுப்பட்ட பகுதிகளைச் சேர்த்து முதல் பாகத்திலிருந்து மறுபடி திருத்தத் தொடங்கினார். பதினாலாவதும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2017 ஜூலை 14, நம் ஊரிலும் மார்செய்யேஸ் பாடும் நாள், தமது 95ஆவது வயதில் போய்ச் சேர்ந்தார். புத்தகம் வரவில்லை.

இரண்டாவது வாதம் கல்கி. "அமரதாராவை அவர் மகள் ஆனந்தி எழுதி முடிக்கவில்லையா? பொன்னியின் செல்வனுக்குப் பிறகு விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதவில்லையா?" நல்ல கேள்விதான், கொஞ்சம் தடுமாறினேன். ஆனால் ஆனந்தி அந்த வீட்டிலேயே வளர்ந்த பெண். முடித்தது தான்தான் என்று ஊரறியச் செய்தார். விக்கிரமன் தம் பெயரில், தாம் வைத்த தலைப்பில் எழுதினார். அதைப் பொன்னியின் செல்வனின் ஆறாம் பாகம் என்று யாரும் பைண்டு பண்ணி வைக்கவில்லை. அப்படி யாராவது ஆன்ழெலிக்கை வைத்துத் தம் பெயரில் கதை எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை, படிக்க மாட்டேன், அவ்வளவுதான். '14' என்று எண் போடாதீர்கள் என்பதே என் கட்சி.

மூன்றாவது வாதம் என் பேரனுடையது. "தாத்தா, போன்லேயே எழுதித் தருது" என்று இரண்டு நிமிஷத்தில் பத்துப் பக்கம் காட்டினான். பிரெஞ்சில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் பக்கத்திலேயே ழோஃப்ரே ராஜாவின் முன் பழைய தங்கக் குரலில் பாடுகிறான்! அந்தக் குரல்தான் அவனுக்குப் போய்விட்டதே. மிஞ்சியது கரகரத்த குரல். அதனால்தானே முகமூடி போட்ட கப்பல்காரனாக அவன் எதிரே வந்து நின்றபோது கட்டின பெண்டாட்டிக்கே தெரியவில்லை. பேரனிடம் சொன்னேன். "அதைத் திருத்தச் சொல்லிடலாம் தாத்தா" என்றான். திருத்திவிடும். என் சங்கடமே அதுதான்.

நஷ்டம் என்ன என்று நண்பர் கேட்டாரல்லவா? சொல்கிறேன்.

என் மனைவிக்குப் பிரெஞ்சு தெரியாது. கல்யாணமான புதிதில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நான் பத்துப் பத்துப் பக்கமாகப் படித்துத் தமிழில் சொல்வேன். எனக்கோ அப்போது தமிழ் தகராறு. வார்த்தை கிடைக்காமல் நான் விழித்தால் அவள் எடுத்துக் கொடுப்பாள். ழோஃப்ரேயை எரித்த இரவு நான் தொண்டை கட்டிப்போய் நிறுத்தினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "என்னங்க, அந்த ஆளு செத்திருக்க மாட்டான். முகத்தை யாராவது கிட்ட போய்ப் பார்த்தாங்களா?" என்றாள். அது உண்மை என்று தெரிய எங்களுக்கு இன்னும் சில பாகங்கள் ஆயின. ஒனோரின் என்ற அந்தக் குட்டிப் பெண் வந்ததிலிருந்து அவளுக்குக் கதாநாயகியே அந்தக் குழந்தைதான். 13ஆம் பாகத்தை முடித்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, "அந்தம்மா எழுதிட்டாங்களா?" என்று கேட்பாள். சாவுச் செய்தியைச் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. "அப்போ ஒனோரின் என்ன ஆனா?"

2019இல் அவள் படுத்த படுக்கையாக இருந்தபோது, "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்களேன்" என்றாள். சொன்னேன், மறைப்பானேன். ஆன்ழெலிக் பிறந்த வீட்டுக்கே திரும்புகிறாள், ராஜா மன்னிப்புக் கேட்கிறார், ஒனோரினுக்கு நல்ல இடத்தில் கல்யாணம், எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், "பொய் சொல்றீங்க. அந்தம்மா இப்படி எழுத மாட்டாங்க" என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். அதற்கப்புறம் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாற்பது வருஷம் காதால் மட்டுமே, அதுவும் என் ஓட்டைத் தமிழில் கேட்டவளுக்கே தெரிந்த வித்தியாசம், பிரெஞ்சில் படித்த என் நண்பருக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

சரி. அவர் இதைப் படிப்பார் என்று தெரியும். அய்யா, செர்ழ் போன பிறகு வந்தவற்றைத் தொடவே இல்லை என்றீர்கள். 10 முதல் 13 வரை நாலு புத்தகங்களையும் துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். பதினொன்றாவதில் கியூபெக்கின் குளிர்காலம் முழுக்க வருகிறது, அதை அவசரப்படாமல் படியுங்கள். திங்கட்கிழமை காந்தி சிலையிடம் கொண்டுவருகிறேன். திருப்பித் தர வேண்டாம்.