எழுத்தில் இல்லாமல் காமிராவைத் தூக்காதீர்கள்!

தோழர்களே, காமிராக்காரர்களே, லென்ஸ் பெட்டி சுமக்கும் தம்பிகளே, தடம் பார்த்துச் சொல்லும் அண்ணன்மார்களே!

சிறுத்தை மானை அடிக்கிற அந்தப் பத்து விநாடிதான் இந்தத் தொழிலில் காசு. அதற்காக விடியுமுன் மறைவிடத்துக்குள் போய்க் குந்தி, மூத்திரத்தைப் பாட்டிலில் பிடித்து, இருட்டிய பிறகு வெளியே வருகிறவர்கள் நாம். மிருகம் வராத நாளுக்குப் பேட்டா கிடையாதாம். "ஷாட் கிடைச்சாப் பாத்துக்கலாம் தம்பி" என்கிறார்கள். காட்டையும் நம்மையும் சேர்த்துக் கெடுப்பது இந்தப் பேச்சுதான்.

ஷாட்டுக்குத்தான் பணம் என்றால், வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாதவன் என்ன செய்வான்? புதரோரம் கோழியைக் கட்டுவான். எலியை விட்டுப் பாம்பைக் கிளப்புவான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரை வைத்து இழுப்பதும் விரட்டுவதும் வேட்டைக் குற்றம். வழக்கு என்று வந்தால் மாட்டுவது கயிறு கட்டிய பையன். "ஆக்‌ஷன் வேணும்" என்று போனில் நச்சரித்தவர் அல்ல.

மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் இருளர்களைக் காட்டுங்கள். பாம்பைக் கொன்று தோலுக்கு விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். எழுபதுகளில் தோல் வியாபாரம் தடைப்பட்டதும் அடுப்பு அணைந்தது. நம் கிண்டியில் பாம்புப் பண்ணை கண்ட ரோமுலஸ் விட்டேகர் துணைநிற்க, 1978-இல் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டார்கள். வடநெம்மேலியில் இன்றும் பார்க்கலாம்: பாம்பைப் பானையில் வைத்து, நஞ்சு எடுத்து, அதே பாம்பு உடனே மறுபடி பிடிபடாதபடி அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். உயிரோடு விட்டாலும் கூலி உண்டு என்றானதும் கொல்ல வேண்டிய அவசியமே போயிற்று. அந்த இருளர்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

நமக்கும் கூலியின் கணக்கு மாற வேண்டும். 1981 சினிமாத் தொழிலாளர் சட்டம் கதைப்படங்களோடு நின்றுவிட்டது. ஆவணப்படக்காரர்கள் வெளியே நின்றோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு கதையல்லாத படங்களையும் டிஜிட்டல் தயாரிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. அரசு அறிவிக்கும் சம்பள வரம்புக்குள் வருகிறவர் என்றால், மூட்டை சுமப்பவர் உட்பட, அவருடன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்வது தயாரிப்பாளரின் கடமை. ஊதியமும் வேலை நேரமும் அதில் இருக்க வேண்டும்.

சட்டம் தானாக நம் வீட்டுக் கதவைத் தட்டாது. மிருகம் வந்தாலும் வராவிட்டாலும் நாள் கூலி, இரை வைக்க மறுத்தவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது, தடம் காட்டியவர் பெயர் டைட்டிலில் வர வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வேலைக்கு ஒருவர்கூடப் போகாதீர்கள். நீங்கள் மறுத்த இடத்துக்குப் பாதிக் கூலியில் இன்னொரு தோழர் போனால் எல்லாருக்கும் அடி; அவரையும் கையோடு கூட்டி வாருங்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிண்டி சிறுவர் பூங்கா வாசலில் கூடுவோம். கடைசியாகச் செய்த வேலைகளுக்குப் பேசிய தொகை, கைக்கு வந்த தொகை, வாட்ஸ்அப்பில் கொடுத்த வாக்கு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள்.