தும்னஸின் பொட்டலங்கள்

மழைநாள் ஒன்றில் பெரிய வீடொன்றைச் சுற்றிப் பார்த்துவரும் சிறுமி, ஓர் அறையில் இருக்கும் துணி அலமாரிக்குள் நுழைகிறாள். தொங்கும் மேலங்கிகளை விலக்கிக்கொண்டு நடக்கிறாள். பின்பலகை கைக்குத் தட்டுப்படவே இல்லை. காலடியில் பனி நொறுங்குகிறது. எதிரே ஒரு காடு. காட்டின் நடுவே தெருவில் நிற்பது போன்ற விளக்குக்கம்பம் ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. அவ்வொளியில் ஆட்டுக்கால்களும் சிறு கொம்புகளும் உடைய தும்னஸ் என்பவன் வருகிறான். அவன் ஒரு கையில் குடை; மற்றொரு கையில் பழுப்புத்தாள் பொட்டலங்கள்.

சி.எஸ். லூயிஸ் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் நார்னியா நூல் இவ்வாறுதான் தன் மாய நாட்டைத் திறந்து காட்டுகிறது. பல ஆண்டுகளுக்கு முன், நூலகப் பாடவேளையில் எட்டாம் வகுப்பு மாணவியருக்கு இக்கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சூனியக்காரியின் மந்திரத்தால் நார்னியாவில் நூறு ஆண்டுகளாகக் குளிர்காலம் நீங்கவில்லை என்ற இடம் வந்தது. ஒரு மாணவி எழுந்து, "ஐயா, நூறு வருசமாப் பனின்னா அவங்களுக்குச் சர்க்கரை எங்கிருந்து வந்துச்சு?" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "மாயக்கதையில் அதையெல்லாம் கேட்கக் கூடாது, உட்கார்" என்றேன். அன்று நான் சொன்னது தவறு என்பதை எழுதவே இக்கட்டுரை.

அவள் கேள்வி கதையைக் கூர்ந்து கேட்டதன் விளைவு. தும்னஸ் தன் குகையில் சிறுமிக்கு அளிக்கும் சிற்றுண்டியில் முட்டை உண்டு, மத்தி மீன் உண்டு, தேன் உண்டு, சர்க்கரை தூவிய கேக்கும் உண்டு. பின்னர் பீவர் என்னும் அணைகட்டும் விலங்குகளின் வீட்டில் உருளைக்கிழங்கும் பாலும் ஆரஞ்சுப் பழப்பாகு வைத்த பலகாரமும் பரிமாறப்படுகின்றன. மீன் கிடைத்த வழியை ஆசிரியர் காட்டிவிடுகிறார்; உறைந்த ஆற்றில் துளையிட்டுப் பிடிக்கின்றனர். ஆரஞ்சு எந்தத் தோட்டத்தில் காய்த்தது? கரும்பு எங்கே விளைந்தது? அதைப் பற்றிக் கதை வாய் திறக்கவில்லை.

வாய் திறக்காத இடத்தில் வாசகர் பேசத் தொடங்குகிறார். அண்டை நாட்டிலிருந்து வணிகம் நடந்திருக்கலாம் என்று ஒருவர் கருதலாம். 1954இல் வந்த தொடர்நூலில் தெற்கே ஆர்ச்சன்லாந்து என்னும் நாடு இருப்பது தெரியவருகிறது. தும்னஸின் பொட்டலங்களும் எங்கோ வாங்கப்பட்டவை போலத்தான் தோன்றுகின்றன. ஆயினும் முதல் நூலில் ஒரு வணிகரைக்கூட நாம் காண்பதில்லை. சூனியக்காரியே மந்திரத்தால் உணவு படைத்து மக்களுக்கு வழங்கினாள் என்று மற்றொருவர் கூறலாம். பனியின்மேல் ஒரு துளியைச் சிந்தி அவள் இனிப்பை வரவழைக்கும் காட்சி அவருக்குத் துணைநிற்கும். அதே நூலில் வேறொரு காட்சியும் உண்டு. காட்டில் சில விலங்குகள் மகிழ்ந்து விருந்துண்பதைக் கண்ட அவள், இவையெல்லாம் உங்களுக்கு எங்கே கிடைத்தன என்று சினந்து கேட்டு, அவர்களைக் கல்லாக்கிவிடுகிறாள். தானே வழங்கியிருந்தால் அப்படிக் கேட்பாளா? இரண்டாம் ஊகம் அங்கே சரிகிறது.

இவ்வாறு ஓர் ஊகத்தைக் கதையின் வரிகளோடு வைத்து உரசிப் பார்ப்பதையே நான் வாசிப்பு என்கிறேன். ஊகம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சரிவதற்கு இடம் தருவதாக இருக்க வேண்டும். எல்லாமே அச்சிறுமியின் கனவு என்னும் விளக்கத்தில் எனக்கு மதிப்பில்லை. ஆலிஸின் கதையைக் கனவாக முடித்தவர் அதன் ஆசிரியரே, அது வேறு. நார்னியாவில் மற்ற மூன்று பிள்ளைகளும் உள்ளே செல்கின்றனர். தும்னஸின் குகை சூறையாடப்பட்டுக் கிடப்பதை நால்வரும் பார்க்கின்றனர். கனவு என்று சொல்பவர் இவற்றைப் படித்தும் படியாதவர். எந்தக் கதைக்கும் பொருந்தும் விடை, இந்தக் கதையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நம் உரை மரபு இதனை நன்கறியும். சங்கப் பாடலின் பின்னணியில் நிற்கும் பறவையும் விலங்கும் கூறாத பொருளைக் கூறும் என்பதற்கு இறைச்சி என்று பெயரிட்ட மரபு நம்முடையது. அம்மரபிலேயே, தாம் கருதிய பொருளுக்காகத் தொலைவில் கிடக்கும் சொற்களைப் பெயர்த்து வந்து கூட்டிய நச்சினார்க்கினியரும் இருக்கிறார். அவர் புலமைக்குத் தலைவணங்குவோம். பத்துப்பாட்டில் அவர் சொற்களை இடம் மாற்றிய வேகத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆசிரியரே விடை தந்துவிட்டால் என்ன ஆகும்? விளக்குக்கம்பத்திற்கு லூயிஸ் 1955ஆம் ஆண்டு நூலில் விடை தந்தார். சூனியக்காரி இலண்டன் தெருவிளக்கிலிருந்து ஒடித்து வந்த இரும்புத்துண்டு, புதிதாய்ப் பிறந்த நார்னியாவின் மண்ணில் விழுந்து, செடிபோல் முளைத்து வளர்ந்து விளக்கானது. அழகான விடை என்பதை மறுக்கவில்லை. ஆனால் முதல் நூலைப் படித்துவிட்டு ஐந்தாண்டுகள் அந்த விளக்கை யார் ஏற்றியிருப்பார் என்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளின் உழைப்பை அது வீணாக்கிவிடவில்லை.

லூயிஸ் கரோலுக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. 1865இல் வந்த ஆலிஸ் கதையில், அண்டங்காக்கை எழுதுமேசையை ஒத்திருப்பது ஏன் என்றொரு விடுகதை வருகிறது, விடை சொல்லப்படுவதில்லை. வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். 1896ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், தாம் அதைப் புனைந்தபோது விடையே கிடையாது என்று ஒப்புக்கொண்டு, பின்னர்த் தோன்றிய விடையொன்றை எழுதினார். அதில் 'ஒருபோதும்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை, தலைகீழாகப் படித்தால் அண்டங்காக்கையின் ஆங்கிலப் பெயர் வருமாறு, வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருந்தார். அச்சுப்பிழை என்று கருதிய எவரோ பின்னர் அதைத் திருத்திவிட்டனர்! 1976இல்தான் இது மீண்டும் கவனத்திற்கு வந்தது. திருத்தும் பணியில் இருக்கும் என் போன்றோர் நினைவில் வைக்கவேண்டிய செய்தி.

டோல்கீனோ தம் பெருங்கதையில் மாய மோதிரமும் வசப்படுத்த இயலாத டாம் பாம்படில் என்பவரை யாரென்று விளக்காமலே விட்டார். புராண காலத்திலும் சில புதிர்கள் இருக்கவேண்டும், இவர் அத்தகைய புதிர் என்று 1954ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் எழுதினார். அவர் யார் என்ற விவாதம் அதனால் ஓய்ந்துவிடவில்லை.

தும்னஸின் பொட்டலங்களுக்குத் திரும்புவோம். பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களும் சுமந்து செல்லும் அவ்வுருவம் தமக்கு ஏறத்தாழப் பதினாறு வயதில் மனத்தில் தோன்றிய படம் என்று லூயிஸ் பின்னாளில் எழுதியுள்ளார். அவர் பிறந்தது 1898இல். அப்படியானால் கதைக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே பொட்டலங்கள் இருந்தன. குளிர்காலத்தின் காரணமும் சூனியக்காரியும் பிறகு வந்தவை. பொட்டலங்களுக்குள் என்ன என்பதை நூல் எங்கும் சொல்லவில்லை.

என் மாணவி அடுத்த வாரம் ஒரு முழுப்பக்கத் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பொட்டலங்களில் இருந்தவை என்று அவள் எழுதியிருந்த பட்டியலில் முதலாவது சர்க்கரை. இரண்டாவது, விளக்குக்கு எண்ணெய். அதை நாள்தோறும் ஏற்றுபவன் தும்னஸ்தான் என்றும், அதனால்தான் அவன் அவ்வழியே வந்தான் என்றும் அடியில் காரணம் குறித்திருந்தாள். 1955ஆம் ஆண்டு நூலை அவள் படித்ததில்லை. அந்தத் தாளில் நான் மதிப்பெண் எதுவும் இடவில்லை. நூலின் முதல் அதிகாரத்தை எடுத்து, அவள் சொன்னதை மறுக்கும் வரி உண்டா என்று தேடத் தொடங்கினேன்.